வெயிலுக்குப் போன அக்கா

சூரியநெல்லிக்கு வருகிற டூரிஸ்ட் பிள்ளைகள் ஜீப்பை விட்டு இறங்கியதும் முகத்தில் வெள்ளையாக ஒரு கிரீமைப் பூசிக்கொள்கிறார்கள். வெயில் தாக்காமல் இருக்கவாம். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் வெயில் தாக்கவேண்டும் என்றே மருந்து பூசியிருக்கிறோம்.

அக்காவுக்குப் பிடரியில் வெள்ளையாக ஒரு படை வந்தது. தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் சின்னக் குப்பியில் மருந்து கொடுத்தார். படையில் மட்டும் ஒற்றவேண்டும், பிறகு கொஞ்ச நேரம் வெயிலில் இருக்கவேண்டும், வெயில் இல்லாமல் மருந்து வேலை செய்யாது என்றார். கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷன், குளிருக்கு எந்நேரமும் தலையில் துண்டு கட்டியிருப்பார். வெயிலை எங்கே போய் வாங்குவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மழைக்காலம் வந்தால், வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக் கதவே மஞ்சு மூடித் தெரியாது.

அம்மாவும் அப்பாவும் கொழுந்துக்காட்டுக்குப் போய்விடுவார்கள். பிடரி அக்காவின் கண்ணுக்கு எட்டாத இடம். அதனால் பூசுகிற வேலை எனக்கு. மேகம் விலகினால் எங்கே இருந்தாலும் கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அக்கா வாசலில் உட்கார்ந்து சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். குச்சியில் பஞ்சு சுற்றி ஒற்றுவேன்.

“எப்படில இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு.”

“நல்லாப் பாத்துச் சொல்லுல. குறைஞ்சிருக்கும்.”

“குறையலக்கா. பூச்சி அரிச்ச இல மாதிரி ஓரமெல்லாம் நெளிஞ்சு கெடக்கு.”

“ஒன் வாயில நல்லதே வராதா?” என்று திரும்பாமலே என் முழங்காலில் ஒரு அடி வைப்பாள். அதற்குள் வெயில் போயிருக்கும்.

லயத்தில் பேச்சு கிளம்பியது. குழாயடியில் ஒருத்தி, அக்கா கைபட்ட குடத்தைத் தள்ளி வைத்தாள். அதைக் கேட்டதும் அப்பா முடிவெடுத்துவிட்டார். போடியில் அத்தை வீடு இருந்தது.

“கீழ போனா வெயிலுக்கா பஞ்சம்? தங்கச்சி பாத்துக்கிடுவா.”

“அங்க யாரு மருந்து போடுவா?” என்று கேட்டேன்.

“நீ இல்லாட்டி போடியில ஆளே இல்லியாக்கும்,” என்றாள் அம்மா.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குப் போக மனமில்லை. ஜீப் போடிமெட்டுப் பாதையில் திரும்புகிறவரைக்கும் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

அதற்குப் பிறகும் வெயில் வரத்தான் செய்தது. பழக்கத்தில் பாதி தூரம் ஓடிவிட்டு நிற்பேன். படை மறைந்தால் அக்கா வந்துவிடுவாள், எனக்கு அவ்வளவுதான் தெரியும். பாதையோரத்தில் மாதா சிலை வைத்த குருசடிக்குப் போய், “மாதாவே, சீக்கிரம் கறுக்க வையும்,” என்று வேண்டுவேன். மெழுகுவத்திக்கு வழியில்லாமல் காட்டுப்பூவை வைத்தேன். மாதா அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவருஷம் கிறிஸ்துமஸுக்கு அத்தையோடு அக்கா வந்தாள். வந்த கால் ஆறுமுன்னே நானே சடையை விலக்கிப் பார்த்தேன். படை இருந்த இடமே தெரியவில்லை.

“போயிருச்சுக்கா. ஒண்ணுமே இல்ல.”

அக்கா சடையை இழுத்துப் பிடரியை மூடிக்கொண்டாள். அத்தைதான் அம்மாவிடம், “எங்க ஊரு வெயிலு லேசுப்பட்டதா? மில்லுக்காரப் பையன் வீட்டுலயும் வந்து பாத்துட்டுச் சரின்னுட்டாங்க மதினி,” என்றாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். யார் சரி என்றால் எனக்கென்ன? அக்காவின் தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டத் தள்ளி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்கிற ஓலை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அக்காவின் பெயர் மட்டும் காதில் விழுந்தது. கோயிலே திரும்பி அவளைப் பார்த்தது. மாதா குணமாக்கியதைத்தான் சாமியார் எல்லோருக்கும் சொல்கிறார் என்று நினைத்தேன். முன்வரிசையில் முக்காட்டுக்குள் அக்காவின் தோள் குலுங்கியது. அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போல என்று, கோயில் முழுக்கக் கேட்கும்படி ஆமென் சொன்னேன்.