அவள் நிரையில் நான்

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கட்டிய பிறகு நான் தேயிலைக் கொழுந்து பறிக்கவில்லை. குவாட்டர்ஸில் இருந்தேன். கேட்டைத் தாண்டி, கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகக் கூடாது என்பது அவர் பேச்சு. லயத்து ஆட்கள் வந்தாலும் பின்பக்கம்தான் நிற்பார்கள். அவர்களுக்கென்று ஜன்னலோரம் ஒரு தகரக் கோப்பை கவிழ்ந்திருக்கும்.

ஒருநாள் அவள் வந்தாள். கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் எனக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் பறித்தவள்.

"அம்மா..." என்றாள்.

"யாருடி அம்மா? ஒன்னயப் பெத்தேனா நான்?"

சிரித்தாள். தேத்தண்ணி ஊற்றினேன். கை தானாக ஜன்னலுக்குப் போய்விட்டது. நீட்டிய பிறகுதான் பார்த்தேன், தகரக் கோப்பை. அவளும் பார்த்தாள். அதிலேயே குடித்தாள்.

"நாளைக்கு எங்களுக்கு அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்துங்கிறாங்க. அங்க கொளவிக் கூடு இருக்கு. போன தடவ கொட்டுனப்பவே டொக்டர் சொல்லிட்டாரு, இன்னொருக்கா கொட்டுனா உசுரு தங்காதுன்னு. ஐயாகிட்ட சொல்லி என்னய வேற மலைக்குப் போடச் சொல்லுங்க."

சோறு போடும்போது அவரிடம் சொன்னேன்.

"ஒருத்திக்கு மாத்துனா அத்தன பேரும் வந்து நிப்பாங்க. லயத்துப் பேச்ச வூட்டுக்குள்ள கொண்டாராத."

நான் குழம்பை ஊற்றினேன்.

காலையில் அவர் போன பிறகு, பறிக்கும்போது கட்டும் பழைய படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினேன். கூடையை மாட்டிக்கொண்டு, அவர் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு மலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன்.

"தொரசாணி வேடிக்க பாக்க வந்திருக்காங்கடி," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

அவர் அவள் பேரைக் கூப்பிட்டு, அஞ்சாம் நம்பர் என்றார்.

"அவ நிரைக்கு நான் போறேங்க," என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் நிமிரவில்லை. பெண்டாட்டியைக் குளவிக்கு அனுப்பினான் என்று தோட்டமே பேசுமே என்று நினைத்திருப்பார். அவளை ஆத்தோர மலைக்கு மாற்றினார். என்னிடம், "வூட்டுக்குப் போ," என்றார்.

மற்றவர்கள் அஞ்சாம் நம்பருக்கு ஏறினார்கள். அவர்களுக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சாயந்தரம் கேட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் சட்டைப் பையில்.

நாலைந்து நாள் கழித்து அவள் வேலியோரம் வந்தாள். நான் குடிக்கும் பீங்கான் கோப்பையில் ஊற்றிக்கொண்டு போனேன். கம்பி இடுக்கில் அது நுழையவில்லை. மேலால் எட்டிக் கொடுத்தேன். பாதி அவள் கையில் சிந்தியது.

"கையச் சுட்டுப்புட்டியேடி," என்றாள்.

நின்று குடித்தாள். வெறும் கோப்பையை மேலாலேயே திருப்பித் தந்தாள். பூட்டு இன்னும் தொங்குகிறது.