போக்கியத்துக்குப் போன வீடு

1993இல் திண்டிவனத்தில் எங்கள் சொந்த வீட்டுச் சாவியை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் குழந்தையும் கையில் மாதா படமுமாகத் தெருவில் இறங்கினேன். பக்கத்தில் என் நாத்தனார், கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல மலர்ந்த முகத்தோடு நடந்துவந்தார். "மூணே வருசம்மா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப் போயிடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நாத்தனார் விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அங்கேயே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். மாமனார் விட்டுப்போன அந்த வீட்டில் அவருக்கும் என் கணவருக்கும் சரிபாதி பங்கு. மாடி கட்ட வங்கிக் கடன் வாங்கலாம் என்றார் என் கணவர். "பேங்க்ல போய் கையக் கட்டிக்கினு நிக்கணுமா? மாசாமாசம் வட்டி வேற. அந்தப் பேஜாரே வேணாம்டா, கீழ போக்கியத்துக்கு விடு" என்று நாத்தனார் அடித்துச் சொல்லிவிட்டார். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் குடியிருக்க விடுவதுதான் போக்கியம். கெடு முடிந்ததும் வாங்கியதை அப்படியே திருப்பித் தரவேண்டும். வட்டி இல்லை என்பது உண்மைதான். செங்கல்லிலும் சிமெண்டிலும் போட்ட பணத்தை எங்கிருந்து எடுத்துத் திருப்பித் தருவது என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

மாடி எழும்பியது. நாம் மாடிக்குப் போகலாம் என்று மூட்டை கட்டினேன். வாடகை வந்தால்தான் போக்கியத்தைத் தீர்க்கமுடியும் என்று நாத்தனார் அதற்கும் ஆள் வைத்துவிட்டார். அப்படியும் கெடு முடிந்தபோது கையில் காசில்லை. கீழ் வீட்டைக் கூடுதல் தொகைக்கு வேறொருவருக்குப் போக்கியம் விட்டு, முன்னவரை அனுப்பினோம். மிச்சத்தைப் பார்த்ததும் நாத்தனாருக்குக் கை துறுதுறுத்தது. மாடியையும் போக்கியத்துக்கு விட்டு, கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு மனை வாங்கினார். இரண்டு வீடும் ஒரு மனையும் உள்ள நாங்கள், வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தோம். "அண்ணி, நம்ம வீட்டுக்கு நான் எப்பதான் போறது?" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பேன். "ஆவட்டும்மா" என்பார்.

சாலை நான்கு வழியானது. மனைக்கு நல்ல விலை கேட்டு ஆள் வந்தார். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் இரண்டு மடங்கு போகும் என்று தரகர் சொல்ல, என் கணவரும் தலையாட்டினார். நாத்தனாரும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். "ஏறும்டா, ஏறிக்கினேதான் இருக்கும். இவளுக்கும் வயசு ஏறிக்கினே இருக்குதே. வித்துடு" என்று அவர் குரல் கேட்டது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

விற்ற பணத்தில் இரண்டு போக்கியத்தையும் தீர்த்தோம். இன்று அந்த மனையின் விலையைச் சொன்னால் என் கணவருக்குச் சோறு இறங்காது. பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். எனக்கு அந்த ஏக்கம் துளியும் கிடையாது.

கீழ் வீட்டில் பால் காய்ச்சிய அன்று, ஓய்வுபெற்றுவிட்ட நாத்தனார், மாடியை வாடகைக்கு விடுவதா போக்கியத்துக்கு விடுவதா என்று மறுபடி ஆரம்பித்தார். "அண்ணி, மாடிக்கு நீங்க வந்துடுங்க" என்றேன். அத்தனை வருடம் போட்ட திட்டங்களில் தான் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை போலும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாடகை எவ்ளோம்மா சொல்ற?" என்றார்.