சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது

என் வீட்டுக்காரரின் விரலை எடுத்தது காபிக்கொட்டை அரைக்கும் மிஷினை எங்களுக்கு விற்ற கம்பெனிதான். வேறு யார் மேலும் நான் பழி போட மாட்டேன்.

ஆந்திரா எல்லையில், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் எங்களுக்கு ஒரு காபிக்கடை. லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. அதற்கு முன்னால் அவர் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தார். அந்த வேலையில் விரல் முழுசாக இருப்பவர்கள் குறைவு. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். பயம் தாங்காமல் நான்தான் விடச் சொன்னேன். பத்து விரலோடு வெளியே வந்தார். பிறகுதான் கடை போட்டோம். மிஷினைக் கம்பெனி ஆட்களே சென்னையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கடை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள்.

சில மாதத்திலேயே சுவிட்ச் கெட்டது. ஆஃப் செய்தாலும் ஓடும். கும்மிடிப்பூண்டி பஜாரில் எலக்ட்ரிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சுவிட்சுக்குள் இரண்டு தகடும் கருகி ஒட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

"கொஞ்ச நாள் ஓடும்க்கா. அப்பால மறுபடியும் புடிச்சிக்கும். வேற சுவிட்ச் மாத்தணும். இது வெளிய கெடைக்காது, கம்பெனில கேளு."

கேட்டேன். சென்னை சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் பேசினாள்.

"எளாவூர் எங்க ஏரியா இல்ல மேடம். அது ஆந்திராவுல வரும்."

"செக்போஸ்டுக்கு இந்தாண்டதாம்மா கடை கீது. ஓட்டு தமிழ்நாட்டுலதான் போடறேன்."

"சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது மேடம்."

ஆந்திரா பக்கத்து நம்பரைக் கொடுத்தாள். அங்கே இருந்தவன் சிரித்தான். "அதி தமிழ்நாடு அம்மா. மெட்ராஸ்லோ அடகண்டி." மெட்ராஸில் கேட்டுவிட்டுத்தான் உன்னைக் கேட்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டான்.

சுவிட்சையாவது பார்சலில் அனுப்புங்கள் என்றேன். தனியாகத் தரமாட்டார்களாம். ஆள் வந்துதான் மாட்டுவானாம். அந்த ஆள் எங்கள் ஊருக்கு வரமாட்டானாம்.

சுவிட்ச் மறுபடியும் பிடித்துக்கொண்டது. அரைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். எங்களுக்கு அதுதான் சுவிட்ச்.

செக்போஸ்டில் வண்டி நிற்கும் நேரத்தில் லாரிக்காரர்கள் எங்கள் கடையில் போனுக்குச் சார்ஜ் போடுவார்கள். அதற்காகக் கடைக்காரனுடைய பிளக்கைக் கழற்றினால், போகும்போது திரும்ப மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது அவர்கள் வைத்திருக்கும் மரியாதை. மாட்டாமல் போய் ஃபிரிட்ஜ் நின்று பால் திரிந்த கதையெல்லாம் இந்த ரோட்டில் உண்டு.

அன்று மழை. கொட்டை நமுத்து மிஷின் வாயில் அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் டப்பாவைக் கழற்றி, விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். சார்ஜ் போட்டிருந்த ஒரு டிரைவர் கிளம்பினார். தொங்கிய பிளக்கைப் பார்த்தார்.

"அண்ணா, உன் பிளக்கு கயண்டு கீது. மாட்டிட்டேன்."

மிஷின் ஓடியது. நான் ஓடிப்போய் சுவிட்சை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது ஆஃபில்தான் இருந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தியதும் அந்த டிரைவர்தான்.

டிரைவரின் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார். "நல்லதுக்குத்தானே அண்ணா மாட்னேன்."

வலது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. கட்டுப்போட்ட நர்ஸ், "எந்த கம்பெனி?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் விரல் போனவனை அப்படித்தான் கேட்பார்கள்.

"காபி மிஷின்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் நம்பவில்லை.

டிரைவர் மேல் கேஸ் கொடு என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். கம்பெனிக்குப் போன் செய்தால், வெளி ஆளை வைத்து மிஷினைப் பிரித்துவிட்டீர்கள், இனி நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

அந்தக் கம்பெனி முதலாளி எங்கள் கடை வாசலுக்கு வரட்டும். மிஷினை இறக்கிய அதே இடத்தில், லாரிக்காரர்கள் எல்லார் எதிரிலும் நின்று எனக்குப் பதில் சொல்லட்டும். விற்கும்போது எங்கள் கடை எந்த ஏரியாவில் இருந்தது?