புது சைலன்சரும் காலியான பின் சீட்டும்

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்குச் சர்க்கரை வரலாம், ஆன்மிகம் வரலாம். எனக்குச் சைலன்சர் வந்தது.

பைக்கில் இருந்த பழையதிடம் ஒரு குறையும் இல்லை. சத்தமே போடாமல் இருந்தது. அதுதான் என் குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லி கரோல் பாக் உதிரிபாகச் சந்தைக்குப் போய், எஞ்சினிலிருந்து வால் வரை முழுக் குழாயோடு புதிதாக ஒன்றை வாங்கிவந்து, நான்கு வீடியோ பார்த்த தெம்பில், எங்கள் சரோஜினி நகர்க் குடியிருப்பின் கீழே நானே மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் மூன்று மாடிகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

திங்கள் காலை வண்டி இருமத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை விட்டால் படபடவென்று வெடித்தது. மனைவியை ஐ.என்.ஏ. மெட்ரோவில் விடும் பத்து நிமிடப் பயணத்தில் நான்கு முறை அணைந்தது. நான்காவது முறை, பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனை அழுத்தியபடியே என் வம்சத்தை இந்தியில் விசாரித்தார். மனைவி சிக்னலிலேயே இறங்கிவிட்டாள்.

"ஏங்க, நான் ஈ-ரிக்‌ஷாவுல போய்க்கிறேன். தினமும் பெட்ரோல் நாத்தத்தோட ஆபீஸ்ல உக்கார முடியாது."

"ரெண்டு நாள்ல சரி பண்ணிடுறேன்."

"அச்சா. பண்ணிட்டுச் சொல்லுங்க."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது, கேஸ் புக் பண்ணியாச்சா, தண்ணி மோட்டார் போட்டாச்சா என்ற அளவில்தான். பணம், உறவு, வெளியூரில் வேலை பார்க்கும் பையன் என்று மற்ற எல்லாப் பேச்சும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருவருக்குமே கொஞ்சம் தைரியம் கூடுதல். இருபத்துநான்கு வருட இல்லறத்தின் முக்கியமான தீர்மானங்கள் பலவும் என் இடது தோளுக்குப் பின்னால் எடுக்கப்பட்டவை. அந்த சீட் காலியாக இருந்தது எனக்கு உறைத்தது.

அரசாங்க ஊழியன் ஒரு கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பான்? தன்னைத் தவிர எல்லாத் திசையிலும் விசாரணை நடத்துவான். பெட்ரோல் பங்க்கைச் சந்தேகித்தேன். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. புதிது போட்டேன், மூன்றே நாளில் அதுவும் கருத்தது. ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, தில்லிக் காற்றைக் குற்றவாளியாக அறிவித்தேன். பழியை ஏற்றுப் பழகிய காற்று, மறுப்பு தெரிவிக்கவில்லை. வண்டி மட்டும் இருமிக்கொண்டே இருந்தது.

பத்தாவது நாள், மானத்தை விட்டு, கோட்லாவில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். விழுப்புரத்துப் பெற்றோருக்கு தில்லியில் பிறந்தவர்.

"யாருண்ணே மாட்டுனது?"

"ஒருத்தர்" என்றேன்.

"அந்த ஒருத்தர் வீடியோ பாத்து மாட்டியிருக்காரு."

எஞ்சினை ஓடவிட்டு, ஒரு துணியால் சைலன்சர் வாயைப் பாதி அடைத்தார். குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். குழந்தை ஊதியதுபோலக் குமிழிகள் கிளம்பின.

"தேக்கோ, நல்லாப் பாருங்க, இங்கதான் லீக்கு. வெளிக்காத்து உள்ள போவுது. பக்கத்துலயே சென்சாரு. காத்து ஜாஸ்தின்னு அது மேல சொல்லுது, கம்ப்யூட்டரு பெட்ரோல ஊத்துது. இருமாம பின்ன பாட்டா பாடும்?"

கீழிருந்து ஒரு தப்பான அறிக்கை, மேலிடத்திலிருந்து விசாரிக்காத ஓர் உத்தரவு, விளைவாகப் புகை. முப்பது வருடமாக இதே ஏற்பாட்டில்தான் சம்பளம் வாங்குகிறேன். வண்டிக்குள் நடந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இணைப்பைக் கழற்றினார். உள்ளே இருந்த பேக்கிங் வளையம் நசுங்கித் தகடாகியிருந்தது.

"இது பழசு. பாக்ஸுல புதுசு குடுத்திருப்பானே?"

"குடுத்தான். வீட்டுல பத்திரமா இருக்கு."

உண்மைதான். பழையது பார்க்க நன்றாகவே இருந்ததால், பின்னால் உதவுமே என்று புதியதை பிஸ்கட் டப்பாவில் எடுத்துவைத்திருந்தேன். எங்கள் குடும்ப வழக்கம் அது. புதுத் துண்டு பீரோவில் இருக்கும், கிழிந்தது கொடியில் தொங்கும். கல்யாணத்துக்கு வந்த கோப்பைகள் இன்றும் யாரோ ஒரு தகுதியான விருந்தாளிக்காகக் காத்திருக்கின்றன.

"ஒருவாட்டி நசுங்குனா அவ்ளோதாண்ணே அது. அடுத்த ஜென்மத்து வண்டிக்கா எடுத்து வெச்சீங்க?"

வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டு முறுக்கியதும் இருமல் நின்றது.

மறுநாள் காலை மனைவி ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு சிக்னலிலும் அணையவில்லை. பெருமிதத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது பின்னாலிருந்து ஏதோ சொன்னாள்.

"என்ன?"

மறுபடி சொன்னாள். சைலன்சர் உறுமியது.

"கேக்கலம்மா!"

மூன்றாவது தடவை சொல்லவில்லை. தோளில் தட்டி, போங்க என்று கை காட்டினாள். மெட்ரோ வாசலில் இறங்கி, "வண்டி நல்லாத்தாங்க ஓடுது" என்றாள்.

"ஏதோ சொன்னியே?"

"இங்க நின்னு சொல்ற விஷயம் இல்ல."

சாயங்காலம் கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டாள். நான் பால்கனியிலிருந்த பழைய சைலன்சரைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு கோட்லா போனேன்.

"மறுபடி இருமுதாண்ணே?"

"இல்ல. கத்துது."

"இத்தப் பாருங்க. அதுக்குத்தான வாங்குனீங்க?"

இன்னொரு புது வளையத்தோடு பழைய சைலன்சரை மாட்டித் தந்தார்.

அடுத்த நாள், மெட்ரோவுக்கு முந்தைய சிக்னலில், என் காதருகில் மெல்லச் சொன்னாள்: "பையன் வேலைய விட்டுட்டானாம். ஒரு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லப் பயப்படுறான்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. வண்டி சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் எடுக்கவில்லை.