என் பேரில் சொல்லப்பட்ட பதில்

நான் கணிதம் படிப்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வயதுப் பெண்கள் பலர் ஆறாம் வகுப்போடு நின்றுபோன காலத்தில், தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்த என் அப்பா என்னைச் சிங்கப்பூருக்குப் படிக்க அனுப்பினார். மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டைக் கடந்து போகிறவர்களை நிறுத்தி, “எம்மவ யூனிவர்சிட்டில கணக்குப் படிக்கிது” என்பார். எதிர்வீட்டு அம்மாள் மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசுகிறவர்களாகவே ஆகிவிட்ட தமிழ் வம்சம். அவருக்குத் தமிழ் வராது என்பதால் அவருக்காக அதையே மலாயில் ஒருமுறை சொல்வார்.

எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் சிங்கப்பூரில்தான் படித்தார். அப்பாவின் கூட்டாளி ஒருவருடைய மகன். மலாக்காவிலேயே உஜோங் பாசிரில் வீடு. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அவர் துணைக்கு வருகிறார் என்பதால்தான் அப்பா என்னைத் தைரியமாக அனுப்பினார். இரண்டாம் ஆண்டில் இரு வீட்டாரும் பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம். அவரோடு வாதாடியதைப் போல வகுப்பில் வேறு யாரோடும் நான் வாதாடியதில்லை.

விடுமுறையில் அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா கோப்பி கலக்கி வைத்துவிட்டுப் போவார். நாங்கள் முடிவில்லாத் தொடர்களைப் பற்றிச் சண்டை போடுவோம். சில தொடர்களில் அதே எண்களை வேறு வரிசையில் கூட்டினால் வேறு விடை வரும். அது முதன்முதலில் புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. “இது என்னா கணக்கு? வித்த காட்டுற மாதிரில இருக்கு” என்றார். அவர் நிதானக்காரர், ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். நான் பாய்ந்து போய் விழுந்து எழுந்திருப்பவள். ஒருவர் குறையை ஒருவர் நிரப்புகிறோம் என்று அப்போது நினைத்தேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திரத் தேதியை மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தபோது, அதற்காகவே வகுப்பை விட்டு இருவரும் பஸ் ஏறி ஊருக்கு வந்திருந்தோம். கூட்டத்தில் என் சேலைத் தலைப்பை யாரோ மிதித்துக் கிழித்துவிட்டார்கள். சத்தத்துக்கு நடுவே அவர் என் காதருகே குனிந்து சொன்னார்: “இனிமே வெள்ளைக்காரன் எத்தன நாளைக்கு இங்க பாடம் நடத்துவான்? நம்ம ஆளுங்கதான் நடத்தணும். நீயும் நானும்லா!”

கடைசித் தேர்வில் எனக்கு முதல் வகுப்பு. அவருக்கு இரண்டாம் வகுப்பு. எங்கள் பேராசிரியர் ஓர் ஆங்கிலேயர். இருவரையும் அழைத்து, துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் இருப்பதாகவும், இருவருமே விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். அன்றே கொடுத்தோம். ஊருக்கு வரும் வழியில் மூவார் ஆற்றங்கரையில் ஃபெர்ரிக்காகக் காத்திருந்தபோது அவர் சொன்னார்: “ஒனக்குக் கெடச்சா நான் ஸ்கூல்ல வேல பாக்குறேன். எனக்குக் கெடச்சா நீ மேல படிக்க நான் வழி பண்றேன்.” நான் தலையாட்டினேன். எனக்குத்தான் கிடைக்கும் என்று உள்ளுக்குள் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த விடுமுறையில், விட்டுவந்த புத்தகங்களை எடுத்துவருவதாகச் சொல்லி அவர் தனியாகச் சிங்கப்பூர் போனார். திரும்பி வந்த கொஞ்ச நாளில் வேலை அவருக்கு என்று தகவல் வந்தது.

“என்னா செய்றது? அவங்க ஆம்பளதான் வேணும்னு பாக்குறாங்க” என்றார். என்னைவிட அவர்தான் அதிகம் வருந்துவது போல இருந்தது. நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். பேராசிரியரை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலாக்காவிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்து பின்னங்களும் வட்டியும் சொல்லிக் கொடுத்தேன். சுதந்திரம் வந்தது. தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. அந்த நேரத்தில் பேராசிரியர் பதவியை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்ப இருந்தார். போவதற்கு முன் மனைவியோடு மலாக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தவரை என் வருங்காலக் கணவர்தான் அழைத்துக்கொண்டு திரிந்தார். அவர்கள் தங்கியிருந்த அரசு விடுதியான ரெஸ்ட் ஹவுஸில் தேநீருக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அவர் எதையோ ஏற்பாடு செய்ய வெளியே போன சமயத்தில் பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

“உன் முடிவில் எனக்கு வருத்தம்தான்” என்றார். “குடும்பம் முக்கியம், அதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தை உனக்குத்தான் நினைத்து வைத்திருந்தேன்.”

“நான் என்ன முடிவு எடுத்தேன்?”

“வேலை வேண்டாம் என்று. நேரில் சொல்லச் சங்கடப்பட்டு அவரிடம் சொல்லி அனுப்பினாயே?”

அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அவர்களை அனுப்பிவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்தபோது கேட்டேன். “எனக்கு வேல வேணாம்னு நீங்க போய்ச் சொன்னீங்களா?”

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கொஞ்ச நேரமாவது நம்பியிருப்பேன்.

“கல்யாணம் ஆனா நீ எப்புடியும் வேலைய விட்டிருப்ப. ஒரே எடம். அது எனக்குன்னு ஆனா குடும்பத்துக்கு நல்லது.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீ ஒத்துக்க மாட்ட.”

இதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, இன்னொன்றையும் சொன்னார். “நானா ஒண்ணும் செய்யல. ஒங்க அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன்.”

அப்பா வேலை முடிந்து வந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன். அவர் கை நின்றது.

“ரெண்டு பேரும் ஒரே வேலைக்குப் போட்டி போட்டா நாளைக்கு எப்புடிம்மா குடும்பம் நடத்துவீங்க? பொண்டாட்டி லெக்சரரு, புருஷன் ஸ்கூல் வாத்தியாரு. நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“ரோட்ல போறவங்களையெல்லாம் நிறுத்தி என் படிப்பச் சொன்னது நீங்கதானப்பா?”

“அது படிப்பும்மா. இது வேல.”

பேராசிரியரை நான் திட்டியபோதெல்லாம் அப்பா பக்கத்தில் இருந்தார். அந்த மனிதர் மேல் பழி இல்லை என்று தெரிந்தே செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை அதிகமாக உடைத்தது.

கல்யாணம் வேண்டாம் என்றேன். அம்மா மட்டும் ஒரு வார்த்தையும் கேட்காமல், நிச்சயப் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு உஜோங் பாசிருக்குப் பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் சோறு வடித்தார்.

பேராசிரியருக்கு நடந்ததை எழுதினேன். போன இடத்தை மீட்க முடியாது. ஆனால் அவர் முயற்சியில் சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. முடிவில்லாத் தொடர்களைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கினேன். திரும்பி வந்து கோலாலம்பூரில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, எனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் சிங்கப்பூரிலிருந்து அங்கே மாறி வந்து அந்தத் துறையில் எனக்கு மூத்தவராக இருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் எனக்கு விடுப்புகூட இல்லை. மரியாதையாகவே நடந்துகொண்டார். வேறொருத்தியைக் கட்டிக் குழந்தை குட்டியோடு இருந்தார். நிர்வாகத்தில் இறங்கியபின் அவர் புதிதாக ஒரு தேற்றத்தையும் நிறுவவில்லை. அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்த இடத்தை வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு கணிதமாவது செய்திருக்கலாமே என்றுதான் எரிச்சல் வந்தது. அவர் ஓய்வு பெற்ற விருந்தில், “அன்னிக்கு எனக்காக விட்டுக் குடுத்தவங்க” என்று என்னைக் காட்டிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, “நான் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை; என்னை யாரும் கேட்கவில்லை” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் பழைய கத லா” என்று உட்கார்ந்துவிட்டார்.

அவரை மன்னிக்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அப்பா விஷயம் அப்படியில்லை. அம்மா போனபின் கடைசிக் காலத்தில் அவர் என்னோடுதான் இருந்தார். குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, நகம் வெட்டிவிட்டு, எல்லாம் நான்தான் செய்தேன். ஒரு காலை, பசியாறிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

“அப்பா, அன்னிக்கு என்னையும் ஒரு வார்த்த கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?”

எந்த அன்று என்று அவர் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு அப்போது காரணம் எதுவும் இல்லை.

“தோணலம்மா” என்றார்.