மேலா, கீழா?

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேய்ச்சல் நிலம், மாட்டுக் கொட்டகை, சர்ச் எல்லாமே அப்படித்தான். தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளும் பம்ப் ஓடாவிட்டால் முதலில் நனைவது என் வீட்டு அடுப்படி. ஊரிலேயே பள்ளமான இடம் எங்களுடையது. இதையே நினைத்துக்கொண்டிருந்தால் மாடு கறக்க முடியுமா? அதனால் நான் நினைப்பதில்லை. எனக்கும் சேர்த்து நினைத்தவர் வீட்ஸ்கே போமா என்ற பெண்மணி.

அவர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். தான் எழுதிய ப்ரோகிராமை மூன்று மாதம் கழித்துப் படித்தபோது தனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று கடுப்பாகி, யாரும் படிக்கக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்க உட்கார்ந்துவிட்டவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பம்புகளைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் பேச்சு வந்தது. எங்கள் நீர் வாரியத்தில் இருப்பவர்கள் எல்லாம் விவசாயிகள். படித்துப் புரியாத எதிலும் கையெழுத்துப் போட மாட்டோம். வீட்ஸ்கேக்கு வேண்டியதும் அதுதான். கிறிஸ்துமஸ் வரை சோதனை என்று கெடு வைத்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்காற்றில் நடந்தே வருவார். காபி, ஒரே ஒரு பிஸ்கட், உடனே வேலை. பம்ப் எப்போது ஓட வேண்டும் என்ற விதியை எங்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். வாரியத் தலைவர் ஸீப்ராண்ட் சொன்னார்: "தண்ணி நாலு இருபதுக்கு மேல போனா பம்ப் ஓடணும்." வீட்ஸ்கேயின் மொழியிலும் அது ஏறக்குறைய அப்படியே ஒரு வரி. எல்லோரும் படித்தோம், தலையாட்டினோம். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

சோதனை நாளன்று தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. ஸ்விட்சைப் போட்டோம். பம்ப் அசையவே இல்லை.

எங்கள் ஊரில் "நாலு இருபது" என்றால் கடல் மட்டத்துக்குக் கீழே நாலு மீட்டர் இருபது. "கீழே" என்று எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. மேலே இருப்பது சர்ச் கோபுர உச்சியில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவல் ஒன்றுதானே! மிஷினுக்கு அது எப்படித் தெரியும்? கடலுக்கு மேலே நாலு மீட்டர் இருபது வரை தண்ணீர் வரட்டும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. வீட்ஸ்கேயும் பள்ளநிலத்தில் பிறந்தவர். எங்களோடு சேர்ந்து அவரும்தான் தலையாட்டியிருந்தார்.

"கோபுரத்துச் சேவல் தண்ணி குடிச்சப்புறம்தான் ஓடுமாம்!" என்று ஸீப்ராண்ட் கத்தினார். "நம்பருக்கு முன்னாடி ஒரு மைனஸ் கோடு போடுங்க மேடம். முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

"போட மாட்டேன்."

"என்ன?"

"கோடு போட்டா இந்த வரி சரியாயிடும், தலைவரே. அடுத்த வரிய எழுதறவரும் நம்மள மாதிரியே எழுதுவாரு, நம்மள மாதிரியே படிச்சுத் தலையாட்டுவாரு. தப்பு வரியில இல்ல, என் மொழியில இருக்கு. வசந்தம் வரைக்கும் டைம் குடுங்க."

"கிறிஸ்துமஸுன்னு பேசினோம். இல்லன்னா மத்த ஊரெல்லாம் வாங்கற ரெடிமேட் ப்ரோகிராம வாங்கிக்கறோம்."

அப்படி வாங்கினால் வீட்ஸ்கேயின் இத்தனை வருட உழைப்பும் அந்த மேஜையிலேயே முடிந்துபோகும். அவர் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சுவது போலவே இல்லை.

ஸீப்ராண்ட் என் பக்கம் திரும்பினார். "மைண்டர்ட், நனையப்போறது உன் அடுப்படி. நீயே சொல்லுப்பா."

"கோடு போட்டா என் அடுப்படி நனையாதுதானே?" என்று வீட்ஸ்கேயிடம் கேட்டேன்.

"இந்தக் குளிர்காலம் நனையாது. அதுக்கப்புறம் என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவர் ஆம் என்று மட்டும் சொல்லியிருந்தால் கோட்டைப் போட்டு அன்றே எல்லாம் முடிந்திருக்கும். சொல்லாததால்தான் நம்பினேன். அவருக்காகக் கை தூக்கினேன். முனகிக்கொண்டே மற்றவர்களும் தூக்கினார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் பழையபடி ஆள் நின்று கையால் ஸ்விட்ச் போட்டுத்தான் பம்ப் ஓட்டினோம். ஸீப்ராண்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க மேடம் கோடு போட்டாங்களா?" என்று சீண்டுவார்.

வசந்தத்தில் மொழி வந்தது. அதில் உயரம் என்று எதை எழுதினாலும், எதிலிருந்து, மேலா கீழா என்று சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் வரியை ஏற்காது, திருப்பிக் கேட்கும். வரிகள் நீண்டுபோயின. "கிழவியோட பேசற மாதிரி இருக்கு" என்று வாரியமே அலுத்துக்கொண்டது.

சில வருடம் கழித்து, இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னது. பம்ப் ஆள் காய்ச்சலில் படுத்திருந்தார். பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்தைக் குளிர்காலத்துக்காக இன்னும் தாழ்த்த ஸீப்ராண்டே அவசரமாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். திரையில் கேள்வி வந்தது. அவர் திட்டிக்கொண்டே ஆம்ஸ்டர்டாமுக்குப் போன் போட்டார்.

"மேடம், உங்க மொழி என்னையே கேள்வி கேக்குது. மேலா கீழாவாம்! இத்தன வருஷமா தலைவரா இருக்கேன்!"

"பதில் சொல்லிடுங்க, தலைவரே. அதுக்கு உங்களத் தெரியாது."

ஸீப்ராண்ட் திரையில் தான் அடித்திருந்ததைப் பார்த்தார். "நாலு நாற்பது." அவ்வளவுதான் இருந்தது. போனை வைத்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்: கடல் மட்டத்துக்குக் கீழே. அதற்குப் பிறகு அவர் என்னைச் சீண்டவே இல்லை.

ராத்திரி முழுக்க மழை. காலையில் வெறுங்காலோடு அடுப்படிக்குப் போனேன். ஒரு முழுச் சீஸ் உருண்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்ஸ்கே கதவைத் திறந்து, உருண்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எதுக்கு, மைண்டர்ட்?"

"அடுப்படித் தரை காஞ்சிருக்கு மேடம்" என்றேன்.