மௌனம் என்று நான் எழுதிய இடம்

காளியாத்தாளை நம்பும் உங்கள் எல்லார் முன்னாலும் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கம் எனக்குப் புதுசு. புதுச் செருப்பு மாதிரி கடிக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி திருப்பத்தூரில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்தேன். இசைப் பாடம். செய்முறைத் தேர்வுக்கு அவரவர் சொந்தமாக மெட்டுப் போட்டு, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அலசியும் எழுத வேண்டும். டீச்சர் கையெழுத்துப் போட்டால்தான் நோட்டு தேர்வுக்குப் போகும். வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். மெட்டுக்கு மூன்று மாதம் உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் கொட்டாவி.

கடைசியில் திருடினேன். எங்கள் ஊரில் சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது என் அத்தை பாடும் பாட்டு அது. ஒருத்தி ஓர் அடி எடுத்தால் மற்றவர்கள் பதில் அடி பாடியே ஆகவேண்டும். எடுத்தவளைத் தனியே விடுவது எங்கள் பக்கம் ஆகாது. விடுதியில் பதில் பாட ஆள் ஏது? அந்த இடங்களைக் காலியாக விட்டு, வார்த்தைகளை மாற்றினேன். நோட்டில், ‘இவ்விடத்தில் மௌனமே இசையாகிறது’ என்று இரண்டு பக்கம் அளந்தேன்.

டீச்சர் கண் கலங்கிவிட்டார். “இந்த மௌனம் உனக்கு எப்டிடா தோணுச்சு?”

“தானா வந்துச்சு டீச்சர்.”

கையெழுத்துப் போட்டார். “ஆண்டு விழாவுல நீயே பாடு. வூட்ல எல்லாரையும் கூப்டு” என்றார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஒரு ஜோக் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தை மாதம், வீட்டார் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கவிருந்த விழா நாள் காலையில், “ஆத்தா, ஜீப்பு பஞ்சர் ஆவட்டும்” என்று வேண்டினேன். ஜீப் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நின்றது. அத்தையையும் சேர்த்து ஒன்பது பேர்.

மேடைக்குப் பின்னால் நின்று அழுதேன். “ஆத்தா, என் வாய் பொய்யிலேயே ஊறிப்போச்சு. நீயே சொல்லிடு.”

முதல் அடி பாடினேன். மௌனம் வரவேண்டிய இடம் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒன்பது குரலில் பதில் அடி எழுந்தது.

பிள்ளையைத் தனியே விடக்கூடாதென்றுதான் பாடினார்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மைக்கிலேயே சொன்னேன்: “டீச்சர், இது என் மெட்டு இல்லீங்க. இவங்க பாட்டு.”

அத்தை எழுந்தாள். “இன்னாடா, வார்த்தைய மாத்திப் பாட்றியே, மறந்துட்டியோன்னு பாத்தேன்!”

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிக் கையெழுத்தை அடித்தார். “தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கு. உன்னுதா எழுதிக்கினு வா.”

எழுதினேன். நொண்டி மெட்டுதான், தேர்வாளரே தாளம் தவறிவிட்டார். ஆனால் தேறினேன். இன்று இசைக் கல்லூரியில் படிக்கிறேன். எதை எழுதினாலும் மெட்டு யாருடையது என்று எழுதிவிட்டுத்தான் மேலே போகிறேன். டீச்சரை நேராகப் பார்க்க மட்டும் இன்னும் கூசுகிறது.

ஆத்தாளுக்கு என் நன்றி. சொல்ல வாய் வராத தப்பு உங்களிடமும் இருந்தால், அதை அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவள் காப்பாற்றும் விதம் நமக்குப் பிடிக்காது. மானம் கொஞ்சம் போகும். ஆள் பிழைத்துக்கொள்வோம்.